பதில் பாடியவள்

அன்னாசிப்பூ பறிக்கிற மாதத்தில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் லூங்பான் ஊரில் எவர் முகத்திலும் ஈயாடாது. பறித்த காயை அன்றைக்கே கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து வெயிலில் பரப்ப வேண்டும். வெயில் இல்லாவிட்டால் மறுநாள் கறுக்கும், அதற்கு மறுநாள் பூஞ்சை பூக்கும். அந்த வருஷம் விடாமல் ஒன்பது நாள் பெய்தது. பத்தாம் நாள் காலையில் வானம் கொஞ்சம் வெளுத்தது. நோங் தெமின் கூடையையும் கொக்கியையும் எடுத்துக்கொண்டு தனியாக மலை ஏறினார். இருட்டும்வரை அவர் திரும்பவில்லை.

நானும் அவரும் முப்பது வருஷம் ஒரே மரத்தில் ஏறியவர்கள். அவர் உச்சிக்கிளை, நான் நடுக்கிளை. அன்றைக்கு எனக்கு இடுப்பு பிடித்துப் படுத்துக் கிடந்தேன். இல்லையென்றால் கூடப் போயிருப்பேன்.

மறுநாள் ஊரே ஏறித் தேடியது. அவருடைய மரத்தில் கூடை தொங்கிக்கொண்டிருந்தது, பாதி நிறைந்து. கொக்கி அடிமரத்தில் சாய்த்து வைத்திருந்தது. விழுந்தவன் கொக்கியைச் சாய்த்து வைத்துவிட்டா விழுவான்? காலடி பார்க்கலாம் என்றால் முந்தின நாள் மத்தியானமே மழை திரும்ப வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது.

"மரத்துல இருந்து விழுந்திருந்தா மாமா கீழதான கிடக்கணும், சித்தப்பா?" என்றாள் மெய்ஷு என்னிடம். தெமினின் மருமகள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. "எங்கயோ நடந்து போயிருக்காரு. அத்தைய விட்டுட்டு அவரு எங்க போவாரு, நீங்களே சொல்லுங்க."

அதுதான் ஊருக்கே தெரியுமே. தெமின் மனைவி தாலன் மூன்று வருஷத்துக்கு முன்னால் நாற்று நடும்போது சேற்றில் அப்படியே சாய்ந்தவள். பிழைத்தாள், ஆனால் வலது கையும் பேச்சும் போய்விட்டன. தண்ணீர் என்று சொல்லக்கூட வாய் வராது. ஆஸ்பத்திரியில் இவ்வளவுதான் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் எருமைக்குப் புல் போட்டுக்கொண்டே தெமின் ஏதோ பழைய கேள்விப்பாட்டை முணுமுணுத்திருக்கிறார். உள்ளேயிருந்து பதில் வந்தது. ஒரு சொல் பிசகாமல், ராகம் தப்பாமல். அவர் புல்லைப் போட்டது போட்டபடி ஓடினாராம்.

எங்கள் பக்கம் பாட்டு என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்வார். பாட்டில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது, வந்தவருக்கு முன்னால் கதவைச் சாத்துவது மாதிரி. தெமினும் தாலனும் பாட்டுத் திடலில் பாடிப் பாடியே ஒருவரையொருவர் பிடித்தவர்கள். சீக்கு வந்த பிறகு வீட்டில் எல்லாமே பாட்டுதான். பசிக்கிறதா என்று அவர் பாட்டாகக் கேட்பார், அவள் பாட்டாகச் சொல்வாள். வேறு யார் கேட்டாலும் வாய் திறக்க மாட்டாள்.

"உப்பு ஜாடி எங்கன்னு கேக்க ரெண்டு வரி பாட்டாண்ணே?" என்று நான் கேலி செய்வேன்.

"உன் பொண்டாட்டிகிட்ட நீ சும்மா கேட்டாலே பதில் வராது. போடா," என்பார்.

அவரைத் தேடிய அதே நாள் மத்தியானம், நாங்கள் வெறுங்கையோடு இறங்கி வந்து அவர்கள் வீட்டில் மக்காச்சோளக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். ஊறவைத்த மூங்கில்குருத்து தொட்டுக்கொள்ள இருந்தது. யாருக்கும் இறங்கவில்லை. அப்போது தாலன் பாட ஆரம்பித்தாள்.

சன்னலோரம் தாழ்ந்த முக்காலியில் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. அவளாகவே பாடினாள்.

"ஆத்துத் தண்ணி வத்தட்டும், படகு எங்கிட்ட இருக்கு.
துடுப்ப நீ தொலைச்சாலும் கையால தள்ளி வருவேன்."

மெய்ஷு கையிலிருந்த அகப்பை நின்றுவிட்டது. அது பதில்பாட்டு. முன்னால் ஒரு கேள்வி இருக்க வேண்டும்.

தாலன் வாயை மூடிக்கொண்டு தலையை ஒருபக்கம் சாய்த்தாள். நான் அடுத்து வர வேண்டிய கேள்விப்பாட்டை மனதுக்குள் பாடிப் பார்த்தேன், தெமின் இழுக்கிற மாதிரியே இழுத்து. நான் முடித்த இடத்தில் சரியாக அவள் அடுத்த பதிலைத் தொடங்கினாள். என் முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்டது போல் இருந்தது.

அன்று பொழுது சாய்ந்தும் நிறுத்தாமல் பாடினாள். கஞ்சியை ஊட்டினால் வாயிலேயே வைத்திருந்து, பதில் சொல்ல நேரம் வரும்போது துப்பிவிட்டுப் பாடினாள். 

சாயங்காலம் தெமினின் மகன், மெய்ஷுவின் புருஷன் குவெய் வந்து சேர்ந்தான். அடுத்த ஊரில் லாரி ஓட்டுகிறவன். கூடவே சாவு காரியம் செய்கிற மந்திரக்காரர் லூவையும் ஏற்றி வந்திருந்தான். அதைப் பார்த்ததும் மெய்ஷுவுக்கு ஆத்திரம்.

"அப்பாவத் தேட ஆள் கூட்டிட்டு வருவேன்னு பாத்தா, காரியம் பண்ண ஆள் கூட்டிட்டு வந்திருக்கியே. மனுசனா நீ?"

"ரெண்டு நாள் மழையில கிடந்தா அறுபத்தாறு வயசுக்கு எப்படிடி இருப்பாரு? அம்மா பாடறத நீயும்தான கேக்கற?"

லூ சன்னல் பக்கம் போய் வெகுநேரம் நின்று கேட்டார். திரும்பி வந்தபோது அவர் முகம் சரியில்லை.

"குறுக்க யாரும் பேசாதீங்க. அது உசுரோட இருக்கறவன் கேக்கறதுன்னா, பதில் சொல்றது நல்லது. பதில் வரவர அவன் தூங்காம கிடப்பான். செத்தவன் கேக்கறதுன்னா, பதில் சொல்லச் சொல்ல இந்தம்மா ஒவ்வொரு அடியா அந்தப் பக்கம் போய்க்கிட்டு இருக்கு. மூணாம் நாள் போய்ச் சேந்துரும்."

"இதுல எதுன்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டேன்.

"செத்தவனால புதுசாப் பாட்டுக் கட்ட முடியாது, பான். உசுரோட இருந்தப்ப பாடினதத்தான் திரும்பத் திரும்பப் பாடுவான். பழசா புதுசான்னு பாருங்க."

நான் எழுத்துக் கற்றுக்கொண்டது நாற்பத்தி மூன்று வயதில், மழைக்காலப் பள்ளியில். கை இன்னும் மெதுவாகத்தான் போகும். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு, மறுநாள் விடிந்ததிலிருந்து அவள் பாடிய ஒவ்வொரு பதிலையும் பலகைச் சுவரில் எழுதினேன். தெரியாத எழுத்துக்குக் கோடு போட்டுவிட்டுப் போனேன். ஒவ்வொன்றாக மெய்ஷு படித்துப் பார்த்தாள். எல்லாம் பழசு. அவர்கள் திடலில் பாடியது, கல்யாணத்தில் பாடியது, உப்பு ஜாடிப் பாட்டு. பதினேழு பதில், பதினேழும் பழசு.

தாலனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. குரல் நடுவில் உடைந்து காற்றாக வந்தது. காலைத் தொட்டுப் பார்த்த மெய்ஷு, "கல்லு மாதிரி சில்லுன்னு இருக்கு," என்றாள்.

"போதும்," என்றான் குவெய், தூக்க மாத்திரையைக் கரண்டியில் கரைத்துக்கொண்டே. "அப்பாதான் போயிட்டாரு. அம்மாவையுமா அனுப்பச் சொல்ற?"

"அந்த மாத்திரைய ஊட்டினே, அந்தக் கரண்டியால உன் மண்டையைப் பொளப்பேன். மாமா உசுரோட இருந்து, இவங்க பதில் நின்னு போச்சுன்னா?"

"பழைய பாட்டுதானடி எல்லாம்! நீயே படிச்சுப் பாத்தியே!"

"மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடக்கறவருக்குப் பழசுதான் வரும். நீ புதுசாக் கட்டுவியா அந்த நிலையில?"

இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. நிறுத்தினால் அவர் போகலாம், நிறுத்தாவிட்டால் இவள் போகலாம். நான் கரித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றேன்.

குவெய் போய் அம்மாவின் வாயைக் கையால் பொத்தினான். முரட்டுத்தனமாக இல்லை, குழந்தை வாயைப் பொத்துவது போலத்தான். அவள் தடுக்கவில்லை. கண்ணை மலையிலிருந்து எடுக்கவுமில்லை. இடைவெளி முடிந்ததும் அவன் உள்ளங்கைக்குள்ளேயே பாடினாள். அவன் கையைச் சுட்டுக்கொண்டவன் மாதிரி இழுத்துக்கொண்டான்.

"என்னடா?" என்றேன்.

"கையில சொல்லு சொல்லா ஊருது சித்தப்பா," என்றான். கையை இடுப்பில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அவன் கையை எடுத்ததும் அவள் முதல் வரியிலிருந்து திரும்பப் பாடினாள்.

"ஒத்தைச் செருப்பு போதும் வீடு வந்து சேர.
மத்தக் காலு மண்ண நான் மடியில வச்சுக் கழுவுவேன்."

எழுதப் போன என் கை நின்றது. மெய்ஷுவைப் பார்த்தேன். அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். இல்லை, இது கேட்டதில்லை. லூவைப் பார்த்தேன். அவர் வாயிலிருந்த புகையிலைக் குழாயை எடுத்துவிட்டார்.

"செருப்பப் பத்தி யாரு கேட்டா?" என்றான் குவெய். அவன் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தாலன் தலையைச் சாய்த்துக் கேட்டாள், வழக்கத்தைவிட அதிக நேரம். பிறகு பாடினாள்.

"தலைக்கு மேல தொங்குறதெல்லாம் பறந்து போனா அந்தி.
திரும்பி வந்து தொங்கினா விடியல். அதை வச்சு நாள எண்ணு."

"வௌவால்!" என்று கத்திவிட்டேன். "வௌவால் குழிடா!"

மலைக்குப் பின்பக்கம், ஒரு பள்ளத்தாக்குக்கு அப்பால் சுண்ணாம்புப் பாறையில் ஒரு குகை உண்டு. இளவட்டமாக இருந்தபோது நானும் தெமினும் அங்கே வௌவால் எரு தோண்டியிருக்கிறோம், கூட்டுப் பண்ணைக்காக. உள்ளே இருபது முழத்துக்கு நேராக இறங்குகிற குழி. ஒரு எருமை விழுந்து செத்த பிறகு வாயைக் கல் அடுக்கி அடைத்துவிட்டார்கள். இருபது வருஷமாக யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அதனால்தான் யாருக்கும் தோன்றவில்லை.

குவெய், அவன் ஒன்றுவிட்ட தம்பிகள் இருவர், நான். எருமைக் கயிறு நான்கு, மூங்கில் இரண்டு. என் இடுப்பு என்னைக் கெஞ்சியது. அதைக் கவனிக்க நேரமில்லை. மூன்று மணி நேர ஏற்றம். குகை வாயில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கல் எடுத்து ஓரமாக வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு காலிச் சாக்கு. இஞ்சிப் பாத்திக்கு எரு அள்ள வந்திருக்கிறார். தாலனுக்கு இஞ்சி போட்ட வாத்துக் குழம்பு என்றால் உயிர். மழையில் அந்தப் பாத்தி கரைந்துபோனதை நானும் பார்த்திருந்தேன்.

உள்ளே காரமான நாற்றம் கண்ணை எரித்தது. தலைக்கு மேல் கறுப்பாக அடை அடையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பழைய மூங்கில் ஏணி நடுவில் முறிந்து கிடந்தது.

"அப்பா!"

கீழேயிருந்து ஓர் இருமல் வந்தது.

குவெய்தான் முதலில் இறங்கினான். பின்னால் நான். எருக் குவியலின் மேல் தெமின் மல்லாந்து கிடந்தார். எரு சூடு தரும். அதுதான் அவரை விறைக்காமல் வைத்திருந்தது. பாறையில் சொட்டிய தண்ணீரை நக்கியிருக்கிறார். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அந்தக் காலில் செருப்பு இல்லை.

நான் அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக் குவளைத் தண்ணீரை விட்டேன்.

"எருமைக்குப் புல்லு போட்டீங்களாடா?" என்றார்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. "போட்டாச்சு. அண்ணே, நல்ல வேளை பாடினீங்க. நீங்க பாடினதாலதான் இடம் தெரிஞ்சு வந்தோம்."

"யாரு பாடினா?"

"நீங்கதான். அண்ணி வீட்டுல உட்கார்ந்து பதில் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

அவர் என்னையே பார்த்தார். கண்ணில் எருத் தூசி ஒட்டியிருந்தது.

"நான் எங்கடா பாடினேன்? முதல் நாள் கத்தினதுலயே தொண்டை போச்சு. அப்புறம் நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. நான் சும்மாதான் கிடந்தேன். பாடினது அவ. பாறைக்குள்ள இருந்து வர்ற மாதிரி அவ குரல் கேட்டுச்சு. எல்லாமே பதில். யாருக்குடி பதில் சொல்றன்னு நானும் கேட்டுக்கிட்டே கிடந்தேன்." மூச்சு வாங்கினார். "செருப்புப் பாட்டு வந்தப்பதான் மயிரு நட்டுக்கிச்சு. செருப்பு போனது எனக்கு மட்டுந்தான தெரியும்? எவன்டா அவகிட்டச் சொன்னான்?"

குவெய் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். மேலே ஒரு வௌவால் சிறகை விரித்து மடக்கியது.

"தூக்குங்க," என்றேன். "மத்தத அப்புறம் பேசலாம்."

மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். வழியெல்லாம் அவர் ஒரு முனகல் முனகவில்லை. காது கொடுத்துக்கொண்டே வந்தார். ஊர் எல்லைக் கிணற்றுப் பக்கம் வந்தபோதே தாலன் பாடுவது கேட்டது. குவெய் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் வந்தது. "அப்பாவப் பாத்ததும் நின்னுரும் சித்தப்பா," என்றான். எனக்கும் அப்படித்தான் நினைக்கப் பிடித்திருந்தது.

நிற்கவில்லை.

கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப்போட்டு அவரை அவள் பக்கத்திலேயே படுக்க வைத்தோம். "அத்தை, மாமா வந்துட்டாரு பாருங்க," என்று மெய்ஷு அவள் தோளைத் தொட்டுச் சொன்னாள். தாலன் திரும்பவில்லை. இடைவெளி விட்டாள், கேட்டாள், பதில் சொன்னாள். குரல் நூலாக மெலிந்துவிட்டது. ஒவ்வொரு பதிலுக்கும் உடம்பு ஒரு பிடி முன்னால் சாய்ந்தது, யாரோ கையைப் பிடித்து மெதுவாக இழுப்பது போல.

"மூணாம் நாள்," என்றார் லூ. "சன்னல அடைங்க. காதுல துணி வைங்க."

குவெய் சன்னலை அடைக்கப் பலகையைத் தூக்கிவிட்டான்.

"வையிடா கீழ," என்றார் தெமின். படுத்தபடியே சொன்னார், ஆனால் அவன் வைத்துவிட்டான். "திடல்ல ஒரு பொண்ணுகிட்ட இன்னொருத்தன் வந்து கேள்வி கேட்டா நாம என்ன பண்ணுவோம்? பொண்ணு காதுலயா துணியடைப்போம்? பாடணும். அவ யாருக்குப் பதில் சொல்றாளோ, மத்தவன் குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பணும். அதான முறை?"

"மாமா, உங்களுக்குக் குரலே இல்ல," என்றாள் மெய்ஷு.

"சாராயம் இருக்குல்ல?"

ஒரு வாய் அரிசிச் சாராயம் குடித்து, இருமி, அதில் பாதியைத் துப்பினார். தாலன் பதிலை முடித்து வாயை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தாள். அந்த இடைவெளியில் அவர் பாடினார். பாட்டு என்று சொல்ல முடியாது. காய்ந்த பலகையை இழைப்பது போல இருந்தது.

"ரெண்டு காலுல ஒண்ணு போச்சு, கட்டிலோட கிடக்கேன்.
கஞ்சி ஊத்த வருவியா, கதவத் தாண்டிப் போவியா?"

தாலன் முகம் மலைப்பக்கமே இருந்தது. கேள்வி முடிந்தும் அவள் ஆரம்பிக்கவில்லை. இத்தனை நாளில் அவள் பதில் சொல்லத் தாமதித்தது அதுதான் முதல் தடவை. அவள் கழுத்து நரம்பு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் துடித்ததை நான் பார்த்தேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் மனுஷர் திணறுவது போல.

தெமின் கையை நீட்டித் தொடவில்லை. தொடக்கூடாது, பாட்டில் தொட்டுக் கூப்பிடுவது கள்ளத்தனம். காத்திருந்தார்.

அவள் திரும்பினாள். பாட ஆரம்பித்த பிறகு முதல் தடவையாகச் சன்னலை விட்டுத் திரும்பி, அவருடைய காலைப் பார்த்தாள். வெறுங்கால். பிறகு முகம்.

"கஞ்சி ஊத்தக் கை நடுங்கும், பாதி கீழ சிந்தும்.
சிந்தினது போக மிச்சம் ரெண்டு பேருக்கும் போதும்."

மெய்ஷு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். குவெய் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். லூ எதையோ முணுமுணுத்துக்கொண்டே தன் மணியையும் துணியையும் பையில் போட்டார். நான் அடுப்பிலிருந்து கஞ்சி ஊற்றி வந்தேன். தாலன் இடது கையால் கிண்ணத்தை வாங்கினாள். அவருக்கு ஊட்டினாள், கொஞ்சம் தாடையில் வழிந்தது. மிச்சத்தை அவளே குடித்தாள்.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அப்புறம் தலையைச் சாய்த்தாள்.

தெமின் பாடவில்லை. அறையில் யாருமே வாய் திறக்கவில்லை. ஒரு கேள்விப்பாட்டு பாடி முடிக்கும் நேரம் போனது. பிறகு தாலன் சன்னல் பக்கம் திரும்பாமலேயே, அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வது போலத் தணிந்த குரலில் பதில் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் பொறு. இங்க ஒரு வேலை கிடக்கு.
முடிச்சிட்டு வாரேன். வாசல அடைச்சிடாத."

குவெய் விருட்டென்று எழுந்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். மலையில் மழை திரும்பவும் இறங்கிக்கொண்டிருந்தது, அன்னாசிப்பூ மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அங்கே ஒரு சத்தமும் இல்லை.

தெமின் வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். என்னைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கண் காட்டினார்.

"கேட்டியா பான், பொறுக்கச் சொல்றா."

"கேட்டேன் அண்ணே."

"நம்ம பக்கத்து முறைப்படி, எங்க கல்யாணம் முடிஞ்சும் இவ நாலு வருஷம் அப்பன் வீட்டைவிட்டு வரல. ஒவ்வொரு நடவுக்கும் அங்க போய், வாடின்னு பாடுவேன். பொறுன்னு பதில் பாடுவா. பொறுத்தேன்ல?" வெடித்த உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. "மலையில நின்னு கூப்பிடறவனும் பொறுக்கட்டும்."

சாராயக் கிண்ணத்தைக் காட்டினார். கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார், அடுத்த கேள்வியை ஆரம்பித்தார்.